பழைய ஜீப் வாங்கப் போகிறீர்களா? கையில் ஒரு சுத்தியல் இருக்கட்டும்!

தண்டவாளமே இல்லாத இந்தத் தீவுகளில், ரயில்வேயில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவனிடம் வந்து மோட்டார் வண்டி வாங்க யோசனை கேட்கிறார்கள் நம் சங்க உறுப்பினர்கள். அதிலும் இப்போது இளைஞர்கள் கேட்பது சாதாரண கார் இல்லை. "ஃபோர் வீல் டிரைவ் வேண்டும் ஐயா. மழைக்காலத்துக்கும் உதவணும், லீவு நாளில் குடும்பத்தோடு சுற்றவும் உதவணும். புதுசு வாங்க வசதி போதாது, பழசுதான்" என்கிறார்கள். கேள்வி நியாயமானது. பதிலைத்தான் நாலு வரியில் சொல்லி முடிக்க முடியாது. ஆகவே இந்தக் கட்டுரை.

வட இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் இப்படிப்பட்ட வண்டியைப் பனிக்காலத்துக்கு என்று வாங்குகிறார்கள். நமக்குப் பனி கிடையாது. ஆனால் மே மாதம் தொடங்கினால் நவம்பர், டிசம்பர் வரை மழை. வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். தார் ரோட்டை விட்டு இறங்கினால் செம்மண் சேறு. பாக்குத் தோட்டத்துக்கும் தென்னந்தோப்புக்கும் போகிற பாதையில் வழுக்கல். போதாக்குறைக்கு மேடும் பள்ளமும். குட்வில் எஸ்டேட் பக்கம் இருக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கனடாக்காரருக்குப் பனிக்காலம் என்றால் நமக்கு இந்த மழைக்காலம்.

நாலு சக்கரமும் இழுத்தால் என்ன லாபம்?

எனக்குத் தெரிந்த ரயில் பாஷையிலேயே சொல்கிறேன். அந்தக் காலத்து டபிள்யூ.பி. நீராவி இன்ஜினைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அதற்குச் சக்கரங்கள் பன்னிரண்டு. ஆனால் இழுக்கிற சக்கரங்கள் நடுவிலுள்ள ஆறுதான். மற்றவை பாரம் தாங்கவும் வழிகாட்டவும் மட்டுமே. பிறகு 1962-ல் வந்த டபிள்யூ.டி.எம்.-2 டீசல் இன்ஜினில் ஆறு அச்சுகளும், அதாவது பன்னிரண்டு சக்கரங்களும், இழுத்தன. இன்ஜினின் எடை சுமார் 113 டன். அந்த எடை முழுவதும் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ளப் பயன்பட்டது.

ஜீப்பிலும் அதே கணக்குதான். இரண்டு சக்கரம் மட்டும் இழுத்தால், அந்த இரண்டின் மேல் இருக்கிற எடை மட்டுமே பிடிப்புக்கு உதவும். நாலும் இழுத்தால் வண்டியின் முழு எடையும் உதவும். காய்ந்த தார் ரோட்டில் ரப்பர் டயருக்குப் பிடிப்பு ஏராளம். அங்கே இந்த வித்தியாசம் தெரியாது. சேற்றில் பிடிப்பு பாதிக்கும் கீழே போய்விடும். அங்கேதான் நாலு சக்கரத்தின் அருமை தெரியும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. நாலு சக்கர இழுவை வண்டியைக் கிளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. எல்லா வண்டிக்கும் பிரேக் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. வழுக்குகிற இறக்கத்தில் உங்களை நிறுத்துவது டயரும் நிதானமும்தான். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பனிக்கால டயர் போடுவதை 2008-ல் சட்டமாகவே கட்டாயமாக்கினார்கள். நாலு சக்கர இழுவை இருக்கிறது என்று சொல்லி அதிலிருந்து தப்ப முடியாது. காரணம் இதுதான்.

உண்மையில் உங்களுக்கு இது வேண்டுமா?

நம் சங்க நண்பர் ஒருவர் ஓய்வு பெற்ற பணத்தில் நாலு லட்சத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு பழைய ஜீப்பைப் பேசி முடிக்கும் நிலைக்கு வந்துவிட்டார். அவர் வீடு மெயின் ரோட்டிலிருந்து இருநூறு மீட்டர் உள்ளே. அவர் மனைவிக்கு மூச்சிரைப்பு உண்டு. மழை ராத்திரியில் ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தால் அந்த இருநூறு மீட்டரைத் தாண்டுவதே பெரும்பாடு. ஆசைக்காகக் கேட்டவர் இல்லை, அவசியத்துக்காகக் கேட்டவர்.

வண்டியைப் போய்ப் பார்த்தோம். புதுப் பெயின்ட், புது ஹூட், பளபளவென்று பம்பர். சொந்தக்காரரிடம் அனுமதி கேட்டு, கீழே படுத்து, சேஸியைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தேன். ரயில்வேயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிச் சத்தத்தை வைத்தே விரிசல் இருக்கிறதா என்று சொல்லும் தொழிலாளிகள் இருந்தார்கள். நல்ல இரும்பு கணீர் என்று பேசும். கெட்ட இரும்பு சொத்தென்று முனகும். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் சேஸியில் மாட்டுகிற இடத்துக்கு வந்ததும் சத்தம் மாறியது. இன்னும் ஒரு தட்டு. சுத்தியலின் முனை உள்ளே போய்விட்டது. அந்த இடத்தில் இரும்பே இல்லை. துருவும் பட்டியும் பெயின்ட்டும்தான் வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்தன.

நண்பர் அந்த வண்டியை விட்டுவிட்டார். பிறகு யோசித்துப் பார்த்து, அந்த இருநூறு மீட்டர் பாதைக்கு இரண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டி, கருங்கல் ஜல்லி கொட்டிக் கெட்டிப்படுத்தினார். மிச்சப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, தரையிலிருந்து நல்ல உயரமுள்ள, இரண்டு சக்கர இழுவையுள்ள பழைய வண்டி ஒன்றை நல்ல டயர்களோடு வாங்கினார். இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது. எங்கும் மாட்டவில்லை.

ஆகவே முதலில் உங்கள் பாதையை அளந்து பாருங்கள். தார் ரோட்டு ஓட்டம்தான் அதிகம் என்றால் இந்த வண்டி தண்டச் செலவு. எடை கூடுதல், எரிபொருள் கூடுதல், பழுது பார்க்கும் உறுப்புகளும் கூடுதல். தினமும் தோட்டப் பாதை, செங்குத்தான ஏற்றம், சரிசெய்ய முடியாத வழி என்று இருப்பவர்களுக்கு மட்டும் மேலே சொல்லுகிறேன்.

எந்த வண்டி?

தீவில் இருக்கிற நமக்கு முதல் விதி: உதிரி சாமான் கிடைக்கிற வண்டியாக இருக்க வேண்டும். இங்கே கடையில் இல்லாத சாமான் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ வரவேண்டும். ஒரு ஆயில் சீலுக்காக வண்டி வாரக்கணக்கில் நிற்கலாம். ஆகவே மஹிந்திரா, மாருதி இரண்டும்தான் பெரும்பாலோருக்குப் பொருந்தும்.

மாருதி ஜிப்ஸி 1985-ல் வந்தது. முதலில் 970 சி.சி., 1996 முதல் 1,298 சி.சி. பெட்ரோல் இன்ஜின். எடை சுமார் ஒரு டன்தான் என்பதால் சேற்றில் அமிழாமல் போகும். 2019-ல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றுவிட்டது. முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங் என்பதால் முதுகுவலிக்காரர்களுக்கு ஆகாது. அதன் வாரிசான ஜிம்னி 2023-ல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. அதில் எல்லா ரகமும் நாலு சக்கர இழுவைதான்.

மஹிந்திராவின் எம்.எம். 540, மேஜர், கிளாசிக் போன்ற பழைய ஜீப்புகள் எளிமையானவை. மெக்கானிக் யாரும் பிரித்து மாட்டிவிடுவார். 2010-ல் வந்த தார் வண்டியும் 2020-ல் வந்த புதிய தாரும் இப்போது பழைய வண்டிச் சந்தையில் கிடைக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். 2010-ம் வருஷத்துத் தாரில் இரண்டு சக்கர இழுவை ரகமும் உண்டு. புதிய தாரிலும் 2023 ஜனவரி முதல் பின்சக்கர இழுவை மட்டும் உள்ள ரகம் விற்கிறார்கள். பொலேரோவில் பெரும்பான்மை இரண்டு சக்கர இழுவைதான். வெளித்தோற்றம் ஒன்றுபோலவே இருக்கும். கியர் லீவருக்குப் பக்கத்தில் இரண்டாவது லீவர் இருக்கிறதா, முன் அச்சுக்குப் புரொபெல்லர் ஷாஃப்ட் போகிறதா என்று குனிந்து பாருங்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இன்னொன்று. பழைய ஜீப்புகளில் பின்னால் எதிரெதிராக உட்காரும் பெஞ்சு. சீட் பெல்ட் கிடையாது. ஏர் பேக் கிடையாது. பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதற்கு என்றால், முன்பக்கம் பார்த்த இருக்கையும் பெல்ட்டும் உள்ள வண்டியையே தேடுங்கள். மழையில் ஜீப் ஓட்டுகிற சுகத்தைவிடக் குழந்தைகள் பெரிது.

உப்பு என்னும் எதிரி

பெரம்பூர் ஐ.சி.எஃப். தயாரித்த பழைய பெட்டிகளில் எங்கே முதலில் துருப்பிடிக்கும் தெரியுமா? கழிவறைக்கு அடியிலும் வாசல்படி ஓரத்திலும். தண்ணீர் எங்கே தேங்குகிறதோ அங்கே இரும்பு சாகும். வண்டியிலும் அப்படியே. நமக்குத் தண்ணீரோடு கடலின் உப்புக் காற்றும் சேர்ந்துவிட்டது.

பனிநாட்டிலும் இதே கதைதான். பனி உருகுவதற்காக ரோட்டில் உப்புக் கொட்டுகிறார்கள். அது வண்டியின் அடியைத் தின்கிறது. அமெரிக்காவில் டொயோட்டாவின் டகோமா, டன்ட்ரா, செக்வோயா வண்டிகளின் சேஸி துருப்பிடிப்பது குறித்து வழக்கு நடந்து, 2016-ல் சமரசம் ஏற்பட்டது. சுமார் 15 லட்சம் வண்டிகள் அதில் அடங்கின. அதன் மதிப்பு 340 கோடி டாலர் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். உலகப் பெயர் பெற்ற வண்டிக்கே உப்பு இந்தப் பாடு படுத்தும் என்றால், பதினைந்து வருஷம் கடலோரத்தில் நின்ற ஜீப்பை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே சேஸியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பட்டை ஸ்பிரிங் மாட்டுகிற இடங்கள், ஸ்டியரிங் பாக்ஸ் பிடித்திருக்கிற இடம், குறுக்குச் சட்டங்கள் சேருகிற மூலைகள், பாடி மவுன்ட் போல்ட்டுகள். மேலாகப் பூத்த துரு பெரிய விஷயமில்லை. செதில் செதிலாக உரிகிற துருவும், புதிதாகப் பெயின்ட் அடித்து மறைத்த வெல்டிங்கும்தான் ஆபத்து. இன்ஜின் கெட்டால் மாற்றலாம், கியர் பாக்ஸ் கெட்டால் மாற்றலாம். சேஸி போனால் வண்டியே போச்சு.

சென்னையிலிருந்து கப்பலில் வருகிற வண்டி என்றால் இன்னும் ஒரு சோதனை உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் எத்தனையோ வண்டிகள் அங்கே தண்ணீரில் நின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வண்டல் கோடு தெரியும். தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். ஒயர் இணைப்புகளில் பச்சைப் பூஞ்சணம் போல இருந்தால் தண்ணீர் புகுந்த வண்டி.

இழுவையைச் சோதிப்பது எப்படி?

விற்பவர் "ஃபோர் வீல் நன்றாக வேலை செய்யும்" என்றுதான் சொல்வார். வருஷக்கணக்காக அந்த லீவரைத் தொட்டிருக்கவே மாட்டார். வேலை செய்கிறதா என்று ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் வையுங்கள். லீவர் இரண்டு சக்கர நிலையில் இருக்கும்போது அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் சுற்ற வேண்டும். இப்போது லீவரை நாலு சக்கர நிலைக்குத் தள்ளுங்கள். முன் ஹப்பில் பூட்டு இருக்கிற வண்டியானால் அதையும் பூட்டுங்கள். மறுபடி சுற்றிப் பாருங்கள். சிறு அசைவுக்குப் பிறகு சக்கரம் பிடித்துக்கொள்ள வேண்டும். தாராளமாகச் சுற்றினால் முன் இழுவை இல்லை என்று அர்த்தம். கோளாறு ஹப்பிலோ, ஷாஃப்ட்டிலோ, டிரான்ஸ்ஃபர் கேஸிலோ இருக்கலாம். எங்கே இருந்தாலும் செலவு உங்களுடையது. அசைவு ரொம்ப அதிகமாக இருந்தால் பற்சக்கரங்கள் தேய்ந்திருக்கின்றன.

அடுத்து, முன், பின் டிஃபரன்ஷியலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். ஆயில் பால்காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடையில் இறங்கும்போது சூடான அச்சு திடீரென்று குளிரும். அப்போது மூச்சுக்குழாய் வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பிறகு ஓர் இறக்கத்துக்கு வண்டியைக் கொண்டுபோய், லோ ரேஞ்சில் முதல் கியரில் இறக்கி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். லீவர் தானாக நியூட்ரலுக்கு எகிறி விழுந்தால் அந்த வண்டி வேண்டாம். நடு இறக்கத்தில் இன்ஜினின் பிடி விட்டுப்போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

டயர் நாலும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப்போய் ஈரத்தில் வழுக்கும். இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். நீங்கள் போகும்போதே சூடாக இருந்தால், காரணத்தோடுதான் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். விடாமல் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது.

விலை பேசும்போது, கையிலுள்ள தொகையில் கால்பங்கை ஒதுக்கிவைத்துவிட்டு மிச்சத்துக்கு வண்டி பாருங்கள். டயர், பிரேக், சீல், பேரிங் என்று முதல் வருஷத்திலேயே அந்தக் கால்பங்கு கேட்கும்.

காகிதமும் சட்டமும்

தனியார் வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அதன்பின் தகுதிச் சோதனை செய்து ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 15 வருஷம் கடந்த காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆனது. 20 வருஷம் கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 என்று உயர்த்தினார்கள். ஆகவே 14 வருஷ வண்டி மலிவாக வருகிறதென்றால் ஏன் என்று யோசியுங்கள்.

முன்பெல்லாம் அரசு இலாகாக்களின் ஏலத்தில் ஜீப் எடுப்பது நம்மவர்களுக்குப் பழக்கம். 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருஷம் கடந்த அரசு வண்டிகளின் பதிவு தானே முடிந்துவிடும். அவை உடைப்புக்குத்தான் போகவேண்டும். "ஏல வண்டி, பேப்பர் பிறகு வரும்" என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஹரியானாவின் மண்டி தப்வாலி போன்ற இடங்களில் கழித்த சாமான்களைச் சேர்த்துக் கட்டிய ஜீப்புகள் பேர் பெற்றவை. பார்க்க ராஜா மாதிரி இருக்கும். சேஸி நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்.சி. புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தயாரித்தவர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் பார்க்கிற முதல் விஷயமும் அதுதான்.

தமிழ்நாட்டு வண்டியானால் அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று, அதாவது 28-ம் எண் படிவம், வாங்காமல் கப்பலில் ஏற்ற வேண்டாம். உரிமை மாற்றத்துக்கு 29, 30-ம் படிவங்கள். கடன் பாக்கி இருந்து தீர்த்திருந்தால் 35-ம் படிவம். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் ஏ.என். எண் வாங்கியாக வேண்டும்.

வாங்கியபின்

நாலு சக்கர நிலையைக் காய்ந்த தார் ரோட்டில் போடாதீர்கள். திருப்பத்தில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடுகின்றன. சேற்றில் அந்த வித்தியாசம் வழுக்கித் தீர்ந்துவிடும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லாமல் முழுப் பளுவும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பற்களில் ஏறும். ஆனால் மாதத்துக்கு ஒருமுறையாவது மண் தரையில் போட்டு ஓட்டுங்கள். ஓடாத இயந்திரம் இறுகிப்போகும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றார்கள் பெரியவர்கள். வண்டிக்கும் அதே. சக்கரத்தின் நடு ஹப்புக்கு மேல் தண்ணீர் இருந்தால் இறங்க வேண்டாம். கடற்கரை மணலில் ஓட்டும் ஆசை வேண்டவே வேண்டாம். டிக்லிபூர் காலிப்பூர் கரை போல ஆமைகள் முட்டையிடும் இடங்கள் நம் தீவுகளில் பல. உப்புத் தண்ணீர் வண்டிக்கும் எமன். அந்தமான் டிரங்க் ரோட்டில் ஜிர்காட்டாங்கிலிருந்து கான்வாயோடுதான் போகவேண்டும். ஜாரவா மக்கள் வாழும் பகுதியில் வண்டியை நிறுத்துவதோ படம் எடுப்பதோ எதையாவது கொடுப்பதோ குற்றம். நம் கையில் நாலு சக்கர வண்டி இருக்கிறது என்பதற்காகக் காடு நம்முடையது ஆகிவிடாது.

மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை வண்டியின் அடியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். சேஸியின் வடிகால் துளைகளில் அடைத்திருக்கும் சேற்றைக் கம்பியால் குத்திவிடுங்கள். வருஷம் ஒருமுறை, மழைக்கு முன்பு, துருத் தடுப்புப் பூச்சு அடியுங்கள். நூறு ரூபாய் வேலையை நாம் தள்ளிப்போட்டால் அது லட்ச ரூபாய் வேலையாகி வந்து நிற்கும்.

வண்டி பார்க்கப் போகும்போது டார்ச் லைட், பழைய சாக்கு, சிறு சுத்தியல், ஜாக்கி, உங்களோடு வரச் சம்மதிக்கும் ஒரு மெக்கானிக், இவை போதும். அவசரப்படுத்துகிற விற்பனையாளரிடம் ஒருநாள் தவணை கேளுங்கள். நல்ல வண்டியாக இருந்தால் ஒருநாளில் கெட்டுவிடாது. வாங்கியவர்கள் அனுபவத்தை இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள்; அடுத்தவருக்கும் உதவும்.

— ஓய்வு பெற்ற ரயில்வே பொறியாளர், குட்வில் எஸ்டேட்